சந்தூக்கு திரும்பாத முடுக்கு

பிணம் சுமக்கிற மரச் சந்தூக்கு வீட்டுக்குள் வர மறுத்தது. வாசலைத் தாண்டியதும் நடை இடப்பக்கம் மடங்கி, ஓர் ஆள் நீளம் போய், மறுபடி வலப்பக்கம் மடங்கித்தான் முற்றத்துக்கு வரும். தூக்கி வந்தவர்கள் முதல் மடிப்பிலேயே மாட்டிக்கொண்டார்கள். முன்னால் பிடித்தவன் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றான். பின்னால் பிடித்தவன் இன்னும் தெருவில் நின்றபடி, "சாய்டா, இன்னும் சாய்," என்று கத்தினான். மரம் சுண்ணாம்பில் உரசுகிற சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது.

"விடுங்க, வெளியவே வைங்க," என்றான் இத்ரீஸ். வீட்டுக்காரி லல்லா பத்தூலின் அக்கா மகன், தோல் செருப்புக் கடைக்காரன். "அவரைக் கைலயே தூக்கிட்டு வந்துரலாம்."

முற்றத்தில், எப்போதோ தண்ணீர் நின்றுபோன தொட்டிக்குப் பக்கத்தில், பாயில் கிடந்த வாப்பா மசூதின் தலைமாட்டில் ஸல்கா உட்கார்ந்திருந்தாள். குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றி முடிச்சுப் போட்டாகிவிட்டது. துணி லல்லா பத்தூல் கொடுத்தது. மக்காவுக்குப் போனபோது தனக்கென்று வாங்கி, ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துப் பெட்டியில் வைத்திருந்த துணி. குள்ளக் கிழவிக்கு எடுத்தது மசூதுக்குக் கணுக்கால் வரைதான் எட்டியது. கீழ்வீட்டில் குடியிருக்கும் தையல்காரி யாம்னா தன்னிடமிருந்த வெள்ளைத் துணியில் கிழித்துக் கொடுத்து, குளிப்பாட்டினவர்கள் அதைக் கால்பக்கம் சுற்றினார்கள்.

"உங்க வாப்பா என்னடி, மினாரா மாதிரி இருக்காரு," என்று காலையில் யாம்னா சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். ஸல்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுபுஹ் பாங்கு சொல்லும் நேரத்தில் வாப்பாவின் மூச்சு நின்றதிலிருந்து அவள் முகத்தில் அசைந்தது அது ஒன்றுதான்.

"தூக்கலாமா மகளே?" இத்ரீஸ் கேட்டான்.

அவனோடு நின்றவர்களை அவள் பார்த்தாள். ரொட்டி அடுப்புக்காரன், கழுதைக்காரன், பெயர் தெரியாத இரண்டு பேர். நல்ல மனிதர்கள்தான். கேட்டதும் வேலையைப் போட்டுவிட்டு வந்தவர்கள். ஆனால் ஒருத்தனுக்கும் வாப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது.

"நானும் வருவேன்," என்றாள்.

இத்ரீஸ் தரையைப் பார்த்தான். லல்லா பத்தூல் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கிழவி கை எலும்பாக இருந்தாலும் பிடி இரும்பு.

"பொம்பளை பின்னால போறது இங்க வழக்கமில்ல. மூணாம் நாள் காலைல நாமதான் போகணும், ரொட்டியும் அத்திப்பழமும் எடுத்துக்கிட்டு. அன்னிக்கு உன் வாப்பா உனக்குத்தான்."

"எங்க வாப்பாவுக்கு இந்த ஊர்ல என்னை விட்டா யாரு இருக்கா? இவங்களா?"

"ஸல்கா, கேளு," என்றான் இத்ரீஸ், குரலைத் தாழ்த்தி. "நீ வந்தா இவங்க தெருவுலயே கீழ வெச்சிட்டுப் போயிருவாங்க. நான் சண்டை போடலாம். போட்டா அவரு அங்கயே கிடப்பாரு. அது வேணுமா உனக்கு?"

அவளுக்கு வாயில் நல்லநல்ல வசவாக வந்தது. விழுங்கினாள்.

பிரச்சினை வழக்கம் மட்டுமல்ல. காலையில் உம்மாவிடம் போனில் சொன்னபோது அவள் அழவில்லை. வெகுநேரம் காற்று மட்டும் கேட்டது, சொந்த ஊர் நுவாக்சோட்டின் தகரக் கூரைகள் படபடக்கிற காற்று. பிறகு சொன்னாள்: "நீ கண்ணால பாரு. எங்க வைக்கறாங்க, தலைமாட்டுல என்ன இருக்கு, கால்மாட்டுல என்ன இருக்கு, எல்லாம் பாத்து எனக்குச் சொல்லு. அடுத்தவன் சொல்லி நீ சொல்லாதே. ஏற்கெனவே ஒருத்தன் எங்க கிடக்கான்னு தெரியாம இருக்கேன். இவரையும் அப்படி விட்டா எனக்குப் பைத்தியம் பிடிக்கும்." ஒருத்தன் என்றது அண்ணன் ஸாலெமை. ஸ்பெயின் தீவுக்குப் படகில் ஏறினவன். படகும் வரவில்லை, பிணமும் வரவில்லை. அடுத்தவன் சொல்லித்தான் அதுவும் தெரியும்.

"பாக்கறேன்மா," என்று ஸல்கா சொல்லியிருந்தாள்.

மசூதைத் தூக்கினார்கள். நடையின் மடிப்பில் அவர் கால் முதலில் மறைந்தது, பிறகு இடுப்பு, பிறகு தலை. ஒரு மனிதனைச் சுவர் கொஞ்சம்கொஞ்சமாக வாயில் போட்டுக்கொள்வது போல இருந்தது. இதே மடிப்பைத்தான் வகுப்பில் பேராசிரியர் பலகையில் வரைந்து காட்டி, "தெருவில் நிற்பவன் கண் முற்றத்தைத் தொடக் கூடாது. மானமுள்ள வீடு தெருவுக்கு முகம் காட்டாது," என்று உருகுவார். மானம் என்ற சொல் வந்ததும் ஸல்கா பேனாவை மூடி வைத்துவிடுவாள்.

அவள் சனங்கள் மொரித்தானியாவில் தலைமுறை தலைமுறையாக இன்னொருத்தர் வீட்டில் அடிமையாகக் கிடந்தவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடத்தில் கால்வைத்தவள் அவள். உதவித்தொகை வாங்கிப் பக்கத்து நாட்டு ஃபெஸ் நகரத்துக்கு வந்து, பழைய கட்டடங்களை இடியாமல் காப்பது எப்படி என்று படிக்கிறாள். படிக்க வந்தவளுக்குக் கிடைத்தது படிக்கட்டின் பாதியில் திறக்கிற ஓர் அறை. கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் நடுவில் செருகி வைத்தது போன்ற அறை. "அந்தக் காலத்துல வேலைக்காரிங்க படுத்த இடம். உனக்கு வசதியா இருக்கும்," என்று லல்லா பத்தூல் அவள் கறுத்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சொன்னதில் கிழவிக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அதுதான் இன்னும் எரிச்சல்.

நெஞ்சைக் காட்ட ஆஸ்பத்திரிக்கென்று வாப்பா வந்தபோது அந்த அறையில் அவரால் நிமிர முடியவில்லை. வாழ்நாள் முழுக்க அட்டார் போகிற நெடுஞ்சாலை ஓரம் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டின மனிதர். ஃபெஸ்ஸுக்கு வந்ததும் காய்கறி லாரியில்தான். தலைக்கு மேல் வானத்தைத் தவிர வேறொன்றும் இல்லாமல் வாழ்ந்தவர் கையைத் தூக்கி உத்தரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"நம்ம ஆளுங்க குனிஞ்சே நிக்கணும்னு அளந்துதான் கட்டியிருக்கான்," என்றார். "இதையா காப்பாத்தப் படிக்கறே?"

"வாப்பா, சும்மா படுங்க."

"ஜன்னல் எல்லாம் ஏன் உள்ளயே பாக்குது?"

அவள் விளக்கினாள். நிழல், காற்று, அண்டை வீட்டுப் பார்வை. தேர்வில் எழுதுகிற மாதிரி. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப உள்ள ஒருத்தன் செத்தா வெளிய யாருக்குத் தெரியும்?" என்றார்.

பிறகு சுவர் பேச ஆரம்பித்தது. இந்த ஊரில் ஒரு காலத்தில் ஆற்றுத் தண்ணீர் சுவர்களுக்குள் மண் குழாய்களில் ஓடி வீடு வீடாகப் போனது. இப்போது குழாய்கள் காய்ந்து கிடக்கின்றன. எங்கோ ஒரு வீட்டில் பாத்திரம் விழுந்தால் இங்கே கேட்கும். ஸல்கா அதற்குப் பழகியிருந்தாள். வந்த புதிதில் அவளும் பயந்து விளக்கை அணைக்காமல் தூங்கினவள்தான். ஆனால் வாப்பா பாயைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு காதை வைத்துப் படுத்துவிட்டார்.

"ஒரு பொம்பளை ஓதிக்கிட்டிருக்கா," என்றார் ஒரு நாள். "வயசானவ. நடுவுல நடுவுல மறந்து போயிடுது அவளுக்கு. முதல்லேருந்து ஆரம்பிக்கிறா."

ஸல்கா காதை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. காய்ந்த மண் வாசனைதான் வந்தது.

"இன்னிக்கு அவளைக் காணோம்," என்றார், முந்தாநாள். அப்படிச் சொன்னவர் பிறகு அதிகம் பேசவில்லை.

தெருவில் கலிமா ஓதும் சத்தம் எழுந்தது. கதவு சாத்தினார்கள். லல்லா பத்தூல் மணிக்கட்டை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். ஸல்கா எழுந்து படிக்கட்டில் ஏறினாள்.

"எங்கடி போறே?" யாம்னா.

"மாடிக்கு."

"அழணும்னா இங்கயே அழேன்."

"அழப் போகலை."

மொட்டை மாடிகள் பெண்களுடையவை. துணி காயப்போட, கம்பளி உலர்த்த, கீழே பேச முடியாததைப் பேச. ஒரு வீட்டு மாடியிலிருந்து அடுத்த வீட்டு மாடிக்குக் குட்டைச் சுவர் தாண்டினால் போதும். உயரம் மாறுகிற இடத்தில் மர ஏணி கிடக்கும். போன பருவத்தில் இந்தப் பேட்டையின் மாடிகள் அத்தனையையும், கீழே ஓடுகிற சந்துகளையும் ஸல்கா நாடா பிடித்து அளந்து வரைந்திருக்கிறாள். நல்ல மதிப்பெண். தொழுகை நடக்கிற பள்ளியிலிருந்து பாப் கீஸா கோட்டை வாசலுக்கு எது குறுக்கு வழி என்று அந்த ஊரில் பிறந்தவனைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். வாசலுக்கு வெளியேதான் மலைச்சரிவில் மையவாடி, ஊரின் அடக்கத்தலம். வாசலை ஒட்டின கடைசி மாடியில் நின்றால் சரிவு முழுக்கத் தெரியும். மேலேயே அவரோடு போய்விடலாம். யாரும் சந்தூக்கைக் கீழே வைக்க மாட்டார்கள்.

நண்பகல் லுஹர் தொழுகை முடியும்வரை பள்ளிக்கு எதிர் மாடியில் காய்ந்துகொண்டிருந்த ஆட்டுத் தோல்களுக்கு நடுவில் காத்திருந்தாள். ஜனாஸா தொழுகை முடிந்து சந்தூக்கு வெளியே வந்தது. மேலே பச்சைத் துணி. ஒட்டுப் போட்ட கால்பக்கம் துணிக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டு தெரிந்தது. வாப்பாதான். கலிமா மறுபடி எழுந்தது. சந்துக்கு மேலே கூரை போட்டிருக்கிற இடத்தில் சந்தூக்கு மறைந்தது. சத்தம் மட்டும் கூரைக்கு அடியில் ஓடியது, வயிற்றுக்குள் ஓடுகிற இரைச்சல் மாதிரி.

அவள் சத்தத்தோடு நடந்தாள். தான் வரைந்த படத்தின் மேல் நடக்கிற மாதிரி இருந்தது. இடது பக்கம் ஏணி இறக்கம். சரி. சாயப்பட்டறைச் சுவர். சரி. இந்த இடத்தில் கீழே முழங்கை மாதிரி ஒரு முடுக்கு வரும், அதில் திரும்புவார்கள். அவள் முடுக்குக்கு மேலே போய் நின்று காத்தாள்.

சத்தம் நின்றுவிட்டது.

கீழே கூரையில் விட்டிருந்த ஓட்டை வழியாகப் பார்த்தாள். ஈரக் கல். ஒரு பூனை. மனிதர் யாருமில்லை.

கிணறு மாதிரி ஆழமான பக்கத்து வீட்டு முற்றத்திலிருந்து கலிமா வந்தது. ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள். நாலு மாடி ஆழத்துக்குக் கீழே ஒரு குடும்பம் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஒரு பெண் மட்டும் கையில் ரொட்டியோடு தலையைத் தூக்கி ஸல்காவையே பார்த்தாள். சத்தம் அங்கிருந்து வரவில்லை. அடுத்த வீட்டிலிருந்து வந்தது. அது ஆளில்லாத வீடு, முற்றத்தில் காட்டு அத்தி முளைத்து மாடிவரைக்கும் வந்துவிட்ட வீடு. அத்தி இலைகளுக்கு அடியிலிருந்து, ஆண்கள் குரலில், தெள்ளத்தெளிவாக: லா இலாஹ இல்லல்லாஹ். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவர் சூடாக இருந்தது. உள்ளங்கைக்கு அடியில் அது லேசாக அதிர்ந்தது.

இது எதிரொலி, என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். குழாய். கிணறு. வளைவு. எல்லாவற்றுக்கும் பாடப்புத்தகத்தில் பெயர் இருக்கிறது. பெயர் சொல்லிப் பார்த்தாள், சுவர் அதிர்வது நிற்கவில்லை.

பிறகு முன்னாலிருந்து சத்தம் வந்தது, வாசல் பக்கமிருந்து. அப்பாடா என்று இருந்தது. அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். அவள் ஓடினாள். துணிக்கயிறுகளுக்கு அடியில் குனிந்து, கம்பளி மேல் மிதித்து, யாரோ ஒரு கிழவி "ஏய், யாருடி நீ!" என்று கத்தக் கத்த, கடைசி மாடிக்கு ஓடினாள்.

அங்கே ஏற்கெனவே பெண்கள் கூட்டம். வெள்ளைத் துணி போர்த்தி வரிசையாக மதிலைப் பார்த்து நின்றார்கள். அவளைப் பார்த்ததும் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள். யார் என்று கேட்கவில்லை. ஒருத்தி தோளில் கைபோட்டு அவளை விளிம்புக்கு அழைத்துப் போனாள்.

வாசலுக்கு வெளியே வெயிலில் கூட்டம் சரிவேறிக்கொண்டிருந்தது. சந்தூக்கு தோள்களின் மேல் ஆடிஆடிப் போனது. ஓர் ஒலிவ மரம். அதற்குப் பக்கத்தில் புது மண். ஸல்கா ஒவ்வொன்றாக மனசில் எழுதிக்கொண்டாள், உம்மாவுக்குச் சொல்ல. தலைமாட்டில் ஒலிவ மரம். மரம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. மலைக்கு முகம். அவளுக்குக் கண்ணீர் வந்தது. அடக்கவில்லை. பக்கத்தில் நின்றவளும் அழுதாள். இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

சந்தூக்கைக் கீழே இறக்கினார்கள். மேல்துணியை எடுத்தார்கள். துணிக்கு அடியில் பிரம்பு வளையங்கள் தெரிந்தன, கூடாரத்துக்குப் போடுகிற மாதிரி வளைத்துக் கட்டினவை. உடல்வாகு வெளியே தெரியக் கூடாது என்று இறந்த பெண்ணின் மய்யித்துக்கு மட்டும் வைக்கிற வளையங்கள்.

ஸல்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"அது யாரு?" என்றாள்.

தோளைப் பிடித்திருந்தவள் திரும்பிப் பார்த்தாள். முகம் முழுக்க ஈரம். "எங்கம்மா. லல்லா கன்ஸா. அவளுக்காகத்தானே வந்தே?"

"நான்…"

"நீ வருவேன்னு சொன்னாளே. கடைசில எந்நேரமும் சுவர்ல காதை வெச்சுக்கிட்டே கிடந்தா. ஓதிக்கிட்டே இருப்பா, நடுவுல நிறுத்திட்டு, 'அந்த மனுஷன் இருமறான், தூக்கம் இல்ல பாவம், அவன் மக மேல நடக்கறா, வந்தா வழி விடுங்க'ன்னுவா. நாங்க பேத்தறான்னு விட்டுட்டோம். முந்தாநாள் பேச்சே நின்னுபோச்சு."

ஸல்கா கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இந்த மாடிக்கும் அவள் அறைக்கும் நடுவில் எத்தனை வீடு, எத்தனை சுவர். அளந்தவள் அவள். எந்தக் குழாயும் அத்தனை தூரம் போகாது. அப்படி ஒன்று அவள் வரைந்த படத்தில் இல்லை.

"தண்ணி குடுங்கடி இவளுக்கு," என்றாள் ஒருத்தி.

ஸல்கா தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து ஓடினாள், வந்த வழியே. ஒவ்வொரு மாடியிலும் குனிந்து கேட்டாள். எங்கும் கலிமா இல்லை. பாதி வழியில் போன் அடித்தது.

"பாத்தியா?" என்றாள் உம்மா.

அத்தி மரம் முளைத்த வீட்டின் மாடி அது. இலைகள் அசையவில்லை.

"பாத்தேன்."

"எங்க?"

"மலைச்சரிவும்மா. தலைமாட்டுல ஒலிவ மரம் இருக்கு. ரெண்டாப் பிரிஞ்ச மரம். நல்ல வெளிச்சம். வானம் முழுசாத் தெரியுது."

உம்மா விட்ட மூச்சு நுவாக்சோட்டிலிருந்து அவள் காதுக்குள் வந்து விழுந்தது. "அது போதும்," என்றாள். "குனிஞ்சு கிடக்கலையே. அது போதும்." அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு இத்ரீஸ் வந்தான். கை கால் எல்லாம் மண். வாசலில் செருப்பைத் தட்டிக்கொண்டே, "முடிஞ்சுது மகளே, நல்லபடியா முடிஞ்சுது," என்றான்.

"எந்த வழியா போனீங்க?" முற்றத்து நடுவில் நின்று ஸல்கா கேட்டாள். அவள் குரலைக் கேட்டு யாம்னா ஊசியைக் கீழே வைத்தாள்.

"எந்த வழின்னா? மய்யித்து போற வழி. தோல் சந்தை சுத்தி, ஆத்தோரமா, நெடுக."

"முழங்கை முடுக்குல ஏன் திரும்பலை? அதுதானே கிட்ட?"

இத்ரீஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "அந்த முடுக்குல சந்தூக்கு எப்படித் திரும்பும்? உயிரோட இருக்கறவன் திரும்பலாம். படுத்துக்கிட்டவன் எப்படித் திரும்புவான்? அதுவும் அவரு உயரத்துக்கு?"

"கலிமா நின்னுபோச்சே."

"ஏத்தம் மகளே அது. தூக்கறவனுக்கு மூச்சு வேணாமா?"

"அந்த முடுக்கு மய்யித்துக்கு ஆகாதுன்னு சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியுமே," என்றாள் லல்லா பத்தூல். "நீ அதை எத்தனை நாள் உக்காந்து வரைஞ்சே!"

அகலம் வரைந்தாள். உயரம் வரைந்தாள். சுவரின் வயதை எழுதினாள். அதற்குள் ஒரு செத்த மனிதன் திரும்ப முடியுமா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. காலையில் இதே வீட்டு நடையில் சந்தூக்கு மாட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தும் அவளுக்கு உறைக்கவில்லை. அறைக்குப் போய்ப் படத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள். கிழித்தும் ஆத்திரம் தீரவில்லை. சுவரை ஓங்கிக் குத்தினாள். உள்ளே மண் பொலபொலவென்று உதிர்கிற சத்தம், எங்கேயோ ஆழத்துக்குப் போய் அடங்கியது.

அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து தட்டுத் தட்டாகச் சாப்பாடு வந்தது. மாடியில் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு யாம்னா அவள் வாயில் ரொட்டியைத் திணித்துக்கொண்டே, "உம்மாகிட்ட இப்ப உண்மையச் சொல்லப் போறியா?" என்று கேட்டாள்.

"தெரியலை."

"சொல்லாதே. தூங்கட்டும்."

"பொய் மேலயா தூங்கணும்?"

"எல்லாரும் எதுமேலயோதான்டி தூங்கறோம்."

மூன்றாம் நாள் காலை பெண்களின் நாள். லல்லா பத்தூல் மையவாடிச் சரிவில் முட்டி வலியோடு ஏறினாள். யாம்னா தலையில் ரொட்டிக் கூடை. ஸல்கா கையில் உலர்ந்த அத்திப்பழம் கோர்த்த சரம். இத்ரீஸ் முன்னால் போய்த் தூரத்திலிருந்தே கை நீட்டிக் காட்டிவிட்டு விலகி நின்றுகொண்டான்.

சரிவு முழுக்கக் கல்லும் முள்ளும். புது மண் கிடந்தது ஓரிடத்தில்தான். மேலே ஒரு மேடு, ஒலிவ மரத்தை ஒட்டி. அதற்கு நேர் கீழே இன்னொரு மேடு, நீளமானது. அன்றைக்கு இரண்டே கப்ர் குழிதான் வெட்டினேன், மண் இளகின இடமாகப் பார்த்து ஒன்றன்கீழ் ஒன்றாக வெட்டினேன் என்று குழி வெட்டுகிறவன் இத்ரீஸிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. மாடியில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் வாப்பாவைக் கொண்டுவந்ததையும் பார்த்திருப்பாள்.

நீளமான மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணில் கையை வைத்தாள். மேலே ஒலிவ மரத்தடியில் வெள்ளைத் துணிப் பெண்கள் ஏற்கெனவே வந்திருந்தார்கள். லல்லா கன்ஸாவின் மகள் அவளை அடையாளம் கண்டுகொண்டாள். எழுந்து வந்து, வாப்பாவின் மேட்டையும் ஸல்காவின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு தன் கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து அவள் மடியில் வைத்தாள். ஸல்கா அத்திச் சரத்தை அறுத்துப் பாதியை அவளிடம் கொடுத்தாள்.

போன் அடித்தது.

"சுத்தி யாரோ பேசறாங்களே," என்றாள் உம்மா.

"வாப்பாகிட்ட வந்திருக்காங்கம்மா. இந்த ஊர்ப் பொம்பளைங்க."

"நல்லா இருக்கட்டும்." கொஞ்ச நேரம் தகரம் படபடத்தது. "நான் அந்த மரத்தையே நெனச்சுக்கிட்டிருக்கேன். தலைமாட்டுலேருந்து எவ்வளவு தூரம்?"

ஸல்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். நாடா இல்லை. கண்ணாலேயே அளந்தாள்.

"ஒரு கப்ர் தூரம்," என்றாள்.

மேலே லல்லா கன்ஸாவின் மகள் குடத்தைச் சாய்த்துத் தன் தாயின் மண்ணுக்கு நீர் ஊற்றினாள். மண் வாங்கினது போக மிச்சம், கல்லைச் சுற்றி, முள்ளின் வேரைச் சுற்றி, மெல்லிய கோடாகச் சரிவில் இறங்கி வந்தது. மசூதின் மேட்டு விளிம்பில் ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு உள்ளே போய்விட்டது.